பீச்சாங்கைக் கையுறை

மாதா துணை

புக்கிட் மெலாத்தி தோட்டம்,
பாடாங் செராய்.
13.3.1988

அன்புத் தங்கை ஜேனுக்கு,

உன் கடித உறையின் பின்புறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை செம்மண்ணில் பதிந்திருந்தது. உறையைப் பிரிப்பதற்கு முன் அதைத்தான் பார்த்தேன். நடுவில் வெட்டுத் தழும்பு இருக்கிறது. ஆக உன் இடது கட்டைவிரல். படிக்க அனுப்பிய பிள்ளையின் இடது கையில் செம்மண் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டேதான் கடிதத்தைப் பிரித்தேன்.

இங்கு அம்மாவுக்கு முட்டி வலி. மற்றபடி சுகம். எனக்கு இந்த வாரம் காலை ஷிஃப்ட், அதனால் தூக்கம் மட்டும் குறைவு. உன் இருமல் நின்றதா, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, எழுது.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்றரைப் பக்கம் பந்து. மீதி அரைப் பக்கத்தில் அம்மாவை விசாரித்துவிட்டு, தலைக்கு எண்ணெய் அனுப்பச் சொல்கிறாய். இந்த வருடம் எஸ்.ஆர்.பி. அரசாங்கச் சோதனை. அந்த மூன்று எழுத்து எங்கேயும் இல்லை.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “பீச்சாங்கையால்தான் எறிகிறேன், டீச்சர் கைதட்டினார்” என்று நீ எழுதிய வரியைத் தாண்டிவிட்டேன். அந்தக் கையைத் துண்டால் கட்டிவைத்து உன்னைச் சோத்துக்கையால் சாப்பிடப் பழக்கியவர் அம்மா. அவருக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது.

“ஏன் நிப்பாட்டுற? அங்க என்னமோ எழுதியிருக்கா.”

“ஒண்ணுமில்லம்மா, எழுத்து புரியல.”

“மூணு வருசமா அலோர்ஸ்டார்ல படிக்கிறா, எழுத்து புரியாமப் போச்சா? அங்க என்னதான் கத்துக்குடுக்கிறாங்க?”

உனக்காகப் பொய் சொல்லி உன் கையெழுத்துக்கும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டேன். எண்ணெய் அனுப்புகிறேன். பந்தைக் குறைத்துக்கொள்.

அக்கா,
பிரிஜெட்


பெண்கள் விடுதி,
அலோர்ஸ்டார்.
24.3.1988

அன்பு அக்காவுக்கு,

சுகம்தானே? எனக்கு இருமல் போய்விட்டது. பந்தைக் குறைக்கச் சொன்னாய். மன்னித்துவிடு, இந்தக் கடிதம் முழுவதும் பந்துதான்.

ஆகஸ்ட் விடுமுறையில் பினாங்கில் அனைத்துலக இளையோர் சாஃப்ட்பால் போட்டி நடக்கப் போகிறது. ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் எல்லாம் வருகின்றன. போட்டி நம் நாட்டில் நடப்பதால் நமக்கு இரண்டு அணியாம். இரண்டாவது அணியை வட மாநிலப் பள்ளிகளிலிருந்து எடுக்கிறார்கள். அதில் என் பெயர் இருக்கிறது அக்கா! பட்டியலை மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

சாஃப்ட்பால் என்றால் என்ன என்று கேட்பாய். அமெரிக்காக்காரர்கள் விளையாடும் பேஸ்பாலுக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள். திடலில் நான்கு மூலை இருக்கும். அடித்தவள் முதல் மூலைக்கு ஓடி வருவாள். அவள் வருவதற்குள் பந்து அந்த மூலையில் நிற்பவள் கைக்கு வந்துவிட்டால் அவள் அவுட். அந்த மூலையில் நிற்பவள் நான். எல்லாரும் என்னிடம்தான் எறிவார்கள்.

ஒரே ஒரு சிக்கல். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஊய் டீச்சர் சொல்லிவிட்டார், ஜூலை முடிவதற்குள் ஒவ்வொருவரும் சொந்த கிளவ் வைத்திருக்க வேண்டுமாம். இல்லாதவள் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருப்பது எதுவும் எனக்கு ஆகாது. எனக்கு ஒரு கிளவ் வேண்டும் அக்கா. ஒரு கைக்கு இருந்தால் போதும். எப்படியாவது அனுப்பு. அம்மாவிடம் மெதுவாகச் சொல்.

உன்,
ஜேன்


மாதா துணை

பாடாங் செராய்.
9.4.1988

அன்புத் தங்கைக்கு,

அம்மா சுகம். ஈஸ்டர் பூசைக்கு மெதுவாக நடந்தே போய்விட்டு வந்தார். நானும் இருக்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ கேட்ட கிளவ் இத்துடன் வருகிறது. ஒன்று கேட்டாய், ஆறு வைத்திருக்கிறேன், ஒன்று கிழிந்தால் இன்னொன்று இருக்கட்டும். ஒரு கைக்கு இருந்தால் போதும் என்று எழுதியதைப் படித்துச் சிரிப்பு வந்தது. நான் மூன்று வருடமாக ஃபேக்டரியில் கையுறை உரிக்கிறவள். பீங்கான் கைகள் வரிசையாக ரப்பர் பாலில் முங்கி எழுந்து வரும்போது உருவி எடுப்பதுதான் என் வேலை. ரப்பர் கையுறைக்கு இடம், வலம் கிடையாது. எந்தக் கைக்கும் பொருந்தும். ஆறையும் காற்றடைத்துப் பார்த்துவிட்டேன், ஊசித்துளைகூட இல்லை. எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற முதல் தரம்.

பந்து பிடிக்க இது எதற்கு என்றுதான் புரியவில்லை. கை அழுக்காகக் கூடாது என்பதற்கு இருக்கலாம். உன் செம்மண் விரலைப் பார்த்த பிறகு டீச்சர் சொல்வது சரி என்றே படுகிறது.

இந்த ஆறையும் கவனமாக வைத்துக்கொள். திரும்பக் கேட்டால் என்னால் தர முடியாது. ஷிஃப்ட் மாற்றுகிறார்கள், நான் கொஞ்ச நாள் வீட்டில்தான் இருப்பேன்.

அக்கா,
பிரிஜெட்


அலோர்ஸ்டார்.
16.4.1988

அக்கா, அக்கா, அக்கா!

எல்லாரும் சுகமா என்று கேட்டுவிட்டுத் திட்டுவதா, திட்டிவிட்டுக் கேட்பதா?

நான் கேட்டது தோல் கிளவ்! மாட்டுத் தோல். தட்டு மாதிரி அகலமாக, கெட்டியாக இருக்கும். உள்ளங்கையில் பள்ளம் இருக்கும், அதில்தான் பந்து வந்து விழும். நீ அனுப்பியதைச் சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும் பிரித்துத் தொலைத்தேன். ஒருத்தி, “ஏய், டாக்டர் ஜேன் வந்தாச்சு!” என்றாள். இன்னொருத்தி, “என் பல்லைப் பாருங்க டாக்டர்” என்று வாயைத் திறந்துகொண்டு நின்றாள். பிறகு ஆறிலும் தண்ணீர் பிடித்துக் கட்டி, மாட்டு மடி மாதிரி தொங்கவிட்டு, குளியலறையில் ஒருவர் மேல் ஒருவர் எறிந்து உடைத்தோம். சிஸ்டர் வந்து எல்லாரையும் முட்டி போடவைத்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலி.

சரி, இப்போதாவது கவனமாகப் படி. விளையாட்டுச் சாமான் கடையில்தான் கேட்க வேண்டும். நான் பீச்சாங்கையால் எறிகிறவள் இல்லையா? அதனால் “லெஃப்ட் ஹேண்ட் கிளவ்” என்று கேள். அது போதும், அவர்களுக்குப் புரிந்துவிடும். மறக்காதே, லெஃப்ட். இங்கே அலோர்ஸ்டார் கடையில் அது இல்லை. கீழே படம் போட்டிருக்கிறேன். பலாப்பழம் மாதிரி இருந்தால் என் தப்பு இல்லை.

உன்,
ஜேன்


அலோர்ஸ்டார்.
12.5.1988

அன்பு அக்காவுக்கு,

நலமா? நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கோபமா? எதற்கு என்று சொன்னால்தானே தெரியும்? எப்போதும் இப்படித்தான், வாயை மூடிக்கொள்வாய், நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி அதிகமா? கிளவ் என்ன ஆயிற்று? எல்லாருக்கும் வந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் இல்லை. இரண்டு வரியாவது எழுது.

ஜேன்


மாதா துணை

பாடாங் செராய்.
22.5.1988

அன்புத் தங்கைக்கு,

அம்மாவுக்கு வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை. எழுத நேரம் கிடைக்கவில்லை. அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறேன், அவருக்குக் கை உதவி வேண்டும். ஃபேக்டரியை விட்டு நின்றுவிட்டேன். அந்தப் பேச்சு போதும்.

உன் படத்தை எடுத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்குப் போனேன். கடைக்காரரிடம் பேசுவது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். முதல் கடைக்கு வெளியே, தொங்கிய சப்பாத்துகளைப் பார்ப்பது மாதிரி வெகுநேரம் நின்றேன். உள்ளே போய்ப் படத்தைக் காட்டினேன். “பாக்சிங்கா?” என்றார் சீனக் கடைக்காரர். தலையாட்டினேன், இல்லை என்று. “கோல்கீப்பரா?” அதற்கும் ஆட்டினேன். “அப்புறம் என்னதான் வேணும் அமோய்?” என்று கேட்டுவிட்டு, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் எனக்குப் பூப்பந்து மட்டை ஒன்றை விற்கப் பார்த்தார்கள். மூன்றாவது கடைக்குள் நான் போகவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

கடைசியில் நம் பாடாங் செராய் காஜா மைதீன் பாய்தான் கைகொடுத்தார். என்னோடு ஃபேக்டரியில் இருந்த சம்சியாவுக்கு அவர் பெரியப்பா. மாதம் ஒருமுறை பினாங்குக்குச் சாமான் எடுக்கப் போகிறவர். சம்சியாதான் என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“எந்தக் கைக்கும்மா?” என்றார் பாய்.

“லெஃப்ட்.”

“சத்தமா சொல்லும்மா, காதுல விழல.”

“லெஃப்ட்.”

“பீச்சாங்கையில மாட்டுறதா?”

“ஆமா பாய்.”

“எழுதிக்கிட்டேன். பீச்சாங்கை. அடுத்த ட்ரிப்புல வந்துரும்.”

நீ மறக்காதே என்று எழுதியதை நான் மறக்கவில்லை, பார்த்தாயா? அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். “அந்தக் கையைக் கட்டிவச்சு வளத்தேன், இப்ப அதுக்குத் தோல்ல சட்டை தைக்கிறீங்களா?” என்றார். ஆனால் மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது மருதம்மாளிடம், “எம்மக மலேசியாவுக்கு வெளையாடப் போறா” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நாம் இருப்பதே மலேசியா, எங்கேயிருந்து போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அக்கா,
பிரிஜெட்


மாதா துணை

பாடாங் செராய்.
26.6.1988

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருந்து, கொஞ்சம் படிக்கவும் செய்கிறாய் என்று நம்புகிறேன்.

கிளவ் வந்துவிட்டது. பார்சலை நனையாமல் வாங்கு. விலையைக் கேட்காதே, ஃபேக்டரிக் கடைசிச் சம்பளம் அதற்காகவே இருந்தது என்று வைத்துக்கொள். தோல் வாசம் வீடு முழுக்க இருக்கிறது. அம்மா கொல்லையில் வைக்கச் சொன்னார், பிறகு தானே எடுத்துவந்து தேங்காயெண்ணெய் தடவினார். அனுப்புமுன் என் இடது கையில் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. உனக்கும் எனக்கும் ஒரே கைதானே, நன்றாக இருக்கும்.

இனி பெஞ்சில் உட்கார்ந்தேன் என்று கடிதம் வரக் கூடாது. பினாங்குக்கு நானே பார்க்க வருவேன்.

அக்கா,
பிரிஜெட்


அலோர்ஸ்டார்.
4.7.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் நலம் என்று நம்புகிறேன். கிளவ் கிடைத்தது. மிகவும் நன்றாக இருக்கிறது. மிக்க நன்றி.

நீ பினாங்குக்கு வர வேண்டாம். வெயில் அதிகம், கூட்டமும் அதிகம். நாங்கள் விளையாடுவது தூரத்திலிருந்து சரியாகத் தெரியாது. அம்மாவைத் தனியே விட வேண்டாம்.

அன்புடன்,
ஜேன்


மாதா துணை

பாடாங் செராய்.
13.7.1988

ஜேனுக்கு,

நாங்கள் நலம். உனக்கு என்ன ஆயிற்று?

பிறந்ததிலிருந்து நீ எனக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது “மிக்க” என்று வேறு எழுதியிருக்கிறாய். நான்கு பக்கம் எழுதுகிறவள் எட்டு வரியில் முடித்துவிட்டாய். ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை. அம்மாவுக்கு வாசித்தேன். “இது யாரு எழுதுனது? சிஸ்டர் சொல்லச்சொல்ல எழுதுனாளா?” என்றார்.

நான் கூட்டத்துக்குப் பயப்படுவேன் என்று நினைத்து எழுதுகிறாயா? பயப்படுவேன்தான். ஆனாலும் வருவேன். பட்டர்வொர்த் வரைக்கும் பஸ், பிறகு ஃபெர்ரி, பிறகு கேட்டுக் கேட்டுப் போவேன். கேட்க முடியாவிட்டால் ஆட்கள் போகும் பக்கம் போவேன். ஒரு மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். உன்னிடம் பேசிச் சிநேகிதிகள் முன்னால் உன் மானத்தை வாங்க மாட்டேன், அதுதான் கவலை என்றால்.

அக்கா,
பிரிஜெட்


பாடாங் செராய்.
19.7.1988

தங்கச்சி ஜேன்,

நான் சம்சியா. உங்க அக்காவோட ஒரே லைன்ல நின்னு கையுறை உரிச்சவ. சுகமா இருக்கியா? நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன், திருத்தாத.

நீ அவளை வர வேணாம்னு எழுதினியாமே? நேத்து பெரியப்பா கடைக்கு வந்து உக்காந்திருந்தா. தோண்டித் தோண்டிக் கேட்டப்புறம்தான் சொன்னா. எனக்குப் பொறுக்கல லா. அவ சொல்ல மாட்டா, நான் சொல்றேன்.

ஏப்ரல்ல உனக்கு ஆறு கையுறை வந்துச்சே, அது எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? முன்ன கழிச்சுப் போட்ட கையுறையை நாங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போவோம், யாரும் கேக்க மாட்டாங்க. இந்த வருசம் ஒண்ணும் வெளிய போகக் கூடாதுன்னு போர்டு வச்சிட்டாங்க. அவ சூப்பர்வைசர் கிட்ட கேட்டு வாங்கிடலாம்னு மூணு தடவை அந்த மேசைக்குப் போனா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு தடவையும் வாயைத் திறக்காம திரும்பி வந்தா. அப்புறம் சாப்பாட்டுச் சட்டிக்குள்ள வச்சிட்டா. வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகா சட்டியைத் திறக்கச் சொன்னான். சூப்பர்வைசர் வந்தான். “யாருக்கு?”ன்னுதான் கேட்டான், திட்டக்கூட இல்ல. “என் தங்கச்சிக்கு வேணும்”னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பான். கல்லு மாதிரி நிக்கிறா. அவனுக்குக் கோவம் வந்து ஆறையும் அவ மேல வீசிட்டு, நாளைக்கு வராதன்னுட்டான். கம்பெனி பஸ்ல எல்லாரும் பாக்க, அதை மடியில வச்சு ஒண்ணொண்ணா நீவி மடிச்சிக்கிட்டே வந்தா.

அவளைத் திருடின்னு சொன்னவளோட நான் இன்னும் பேசறதில்ல. நீ அவளை வரச் சொல்லி எழுது.

சம்சியா


அலோர்ஸ்டார்.
25.7.1988

சம்சியா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அந்த ஆறு கையுறையை நாங்கள் என்ன செய்தோம் என்று உங்களுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். நானேதான் எழுதினேன், சிரித்துச் சிரித்து வயிறு வலி என்று. அதற்குப் பிறகும் அக்கா எனக்காகக் கடை கடையாக ஏறியிருக்கிறாள்.

நான் வர வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், தயவுசெய்து அக்காவிடம் சொல்லாதீர்கள். அந்தத் தோல் கிளவ் எனக்கு ஆகாது. பீச்சாங்கையால் எறிகிறவள் கிளவ்வைச் சோத்துக்கையில் போட வேண்டும், அப்போதுதான் எறிகிற கை சும்மா இருக்கும். அதைத்தான் இந்த விளையாட்டில் “லெஃப்ட் ஹேண்ட் கிளவ்” என்பார்கள். நான் விளக்கி எழுதவில்லை. அக்கா நான் சொன்னபடியே கேட்டாள், உங்கள் பெரியப்பா கேட்டபடியே வாங்கிவந்தார். வந்தது இடது கையில் மாட்டுவது. சோத்துக்கையில் மாட்டினால் கட்டைவிரல் சுண்டுவிரல் பையில் போகிறது. பந்து நிற்கவே மாட்டேன் என்கிறது.

டீச்சர் என்னைப் பெஞ்சில் வைத்துவிட்டார். அதை அக்கா வந்து பார்க்க வேண்டாம். வேலை போனதைத் தெரிந்துகொண்ட பிறகு, எப்படிச் சொல்வேன், நீ வாங்கியது தப்பான கை என்று?

ஜேன்


அலோர்ஸ்டார்.
17.8.1988

என் அக்காவுக்கு,

பத்திரமாக வீடு சேர்ந்தாயா? ஃபெர்ரியில் தலை சுற்றியதா? அம்மா என்ன சொன்னார்? முதலில் அதற்கெல்லாம் பதில் எழுது.

பதினான்குக்கு ஒன்று என்று பிலிப்பைன்ஸிடம் தோற்றோம். அப்படி ஒரு தோல்வியை இந்தத் திடல் பார்த்ததில்லை என்று யாரோ சொன்னார்கள். ஆனால் அந்தக் கடைசி மூன்று ஆட்டச் சுற்றிலும் முதல் மூலைக்கு வந்த பந்தில் ஒன்றைக்கூட நான் விடவில்லை அக்கா! ஐந்து பேரை அவுட்டாக்கினேன். ஊய் டீச்சர், “பெஞ்சிலிருந்த உன்னை முதலிலேயே இறக்கியிருக்கலாம்” என்றார். இறக்கியிருக்கலாமே டீச்சர் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. உன் தங்கச்சிதானே.

எனக்குத் தன் கிளவ்வைக் கொடுத்த அந்த மணிலாக்காரியின் பெயர் மாரிசெல். நம் தோட்டத்துப் பெண்கள் பெயர் மாதிரியே இருக்கிறது இல்லையா? ஒவ்வொரு முறை இரண்டு அணியும் இடம் மாறும்போதும் அவள் கிளவ்வைக் கையிலிருந்து கழற்றி எனக்குக் கொடுத்தாள், நான் கழற்றி அவளுக்குக் கொடுத்தேன். கிளவ்வின் உள்பக்கம் காயவே இல்லை. ஒரு முறை நான் அவளுடைய கிளவ்வை வைத்தே அவளை அவுட்டாக்கினேன். “திரும்பக் கொடு!” என்று கத்தினாள். இரண்டு பெஞ்சும் சிரித்தது.

ஆட்டம் முடிந்து உன்னைத் தேடி ஓடிவந்தால் மரத்தடியில் யாரும் இல்லை. கடைசி பஸ்ஸுக்குப் போயிருப்பாய். பரவாயில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். கோயிலில் பாதர் பெயர் கேட்டால் அம்மா முதுகுக்குப் பின்னால் போகிறவள் நீ. அந்தப் பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு அவர்கள் பேச்சு தெரியாது. எனக்காக அவள் கிளவ்வை எப்படிக் கேட்டாய்? மாரிசெல்லிடம் கேட்டேன். “உன் அக்கா நிறையப் பேசுவாள் போல” என்றாள். உன்னைத்தான் சொன்னாளா என்று இரண்டு முறை கேட்டேன்.

கையுறையில் தண்ணீர் பிடித்ததற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. சம்சியா அக்கா எல்லாம் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே.

உன்,
ஜேன்


மாதா துணை

புக்கிட் மெலாத்தி தோட்டம்,
பாடாங் செராய்.
24.8.1988

அன்புத் தங்கை ஜேனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஃபெர்ரியில் தலை சுற்றவில்லை, பசிதான் எடுத்தது. அம்மாவிடம் தோற்றுவிட்டீர்கள் என்று சொன்னேன். “எந்தக் கையால வெளையாண்டா?” என்று மட்டும் கேட்டார். பீச்சாங்கை என்றேன். “அப்பவே கட்டாம விட்டிருக்கணும்” என்றார். அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வதா, வேறு மாதிரி எடுத்துக்கொள்வதா என்று நீயே முடிவு செய். அக்டோபரில் சோதனை. நான் இதை இனி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன்.

சம்சியாவைத் திட்டவில்லை. மன்னிப்பும் வேண்டாம். கையுறை உடைவதற்குத்தான் இருக்கிறது. ஆனால் தப்பான கை என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாய் அடுத்த ட்ரிப்பில் மாற்றிக் கொடுத்திருப்பாரே! “மிக்க நன்றி” எழுத மை இருந்தது, இதற்கு இல்லையா? என்னை வாயை மூடிக்கொள்கிறவள் என்று எழுதுகிறாய். நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி நீ கேட்டதற்கு.

மரத்தடியில் நின்று பார்த்தேன். நீ பெஞ்சின் ஓரத்தில், நான் வாங்கிய கிளவ்வை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்குக் கோபமாக வந்தது, டீச்சர் மேல். பிறகு உங்கள் முதல் மூலைப் பெண் விரலில் அடிபட்டு வெளியே வந்தாள். டீச்சர் உன்னை எழுப்பினார். நீ பெஞ்சுக்குப் பின்னால் போய்ப் பந்தை எறியச் சொல்லிப் பிடித்துப் பார்த்தாய். கிளவ் சோத்துக்கையில், கால் மாற்றி மாட்டிய சப்பாத்து மாதிரி இருந்தது. பந்து விழுந்தது. மறுபடி விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பையன், “டேய், அவ கிளவ்வ மாத்திப் போட்டிருக்கா!” என்று சிரித்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாற்றிப் போட்டது நீ இல்லை. காஜா மைதீன் பாய் கேட்டதும், நான் ஆமா என்றதும், என் கையில் அளவாக உட்கார்ந்ததும் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது.

அந்த நேரத்தில் மணிலாக்காரிகள் திடலிலிருந்து ஓடிவந்தார்கள், அவர்கள் அடிக்கிற முறை. அதில் ஒருத்திக்கு கிளவ் சோத்துக்கையில் இருந்தது. அவள் அதைக் கழற்றிப் புல்லில் போட்டாள். மட்டையை எடுத்துக்கொண்டு, தன் முறைக்குக் காத்து நின்றபடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், நம்மை மாதிரியே. நீங்கள் எல்லாரும் திடலுக்குள் போய்க்கொண்டிருந்தீர்கள். நீ கடைசியாக, தலையைக் குனிந்துகொண்டு போனாய்.

உங்கள் விளையாட்டின் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. நீ திடலில் நிற்கிற நேரம் முழுவதும் அந்த கிளவ் புல்லில் சும்மாதான் கிடக்கும். உன் முறை முடிந்த பிறகுதான் அவளுக்கு அது வேண்டும். இது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரும் எழுந்து போகவில்லை.

சூப்பர்வைசர் மேசைக்கு மூன்று தடவை போய்வந்ததைச் சம்சியா எழுதியிருப்பாள். நான்காவது தடவை நான் மனசுக்குள்ளேயே பலமுறை போயிருக்கிறேன், படுத்துக்கொண்டு, மரம் வெட்டிக்கொண்டு. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்.

கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். யாரோ என்னைப் பார்த்து ஏதோ கத்தினார்கள். நான் நிற்கவில்லை. அந்தப் பெண் எதிரே போய் நின்றேன். புல்லில் கிடந்ததைக் காட்டினேன், உன்னைக் காட்டினேன். “என் தங்கச்சிக்கு வேணும்” என்று தமிழிலேயே, சத்தமாகச் சொன்னேன்.